கட்டைவிரல் போதுமா?

ஜனவரி 9: கேள்வி

ஸ்பெயினோட ஃபிளமெங்கோ (பாட்டு, ஆட்டம், கிதார் மூணும் சேர்ந்த இசை) எனக்குப் பைத்தியம். இருபது வருஷமா அதுல கிதார் நட்சத்திரம் பாகோ தெ லூசியா கேக்கறேன். இந்தக் காலத்துக் கிதார்காரர் விசென்தே அமீகோவும் பிடிக்கும். போன வாரம் ஒருத்தர், "அதெல்லாம் சர்க்கஸ், டியேகோ தெல் கஸ்தோர் கேளுங்க, அதுதான் அசல் ஃபிளமெங்கோ கிதார்"னு அடிச்சுச் சொன்னார். தேடிப் பிடிச்சுக் கேட்டேன். இரைச்சலான டேப். முக்கால்வாசி நேரம் கட்டைவிரல் மட்டும். ரெண்டு கார்டு (ஒண்ணா சேர்ந்து ஒலிக்கற சுரங்கள்). நடுவுல நாலு பேர் கத்தறாங்க. பழசுங்கறதாலேயே ஒண்ணு உசத்தி ஆயிடுமா? புரியாமத்தான் கேக்கறேன், சண்டைக்கு இல்லை.

ஜனவரி 9, இரவு: பதில்

ஆகாது.

ஆனால் உங்களையும் அந்த "சர்க்கஸ்" ஆளையும் ஒரே பெஞ்சில் உட்கார வைப்பேன். இரண்டு பேரும் கிதாரை மட்டும் கேட்கிறீர்கள். அந்த டேப்பில் கத்துகிற நாலு பேருக்காகத்தான் கிதாரே வாசிக்கப்படுகிறது.

டியேகோ 1908இல் பிறந்தவர். செவில் மாகாணத்தில் மொரோன் தெ லா ஃப்ரொந்தேரா என்ற ஊரில் வாழ்ந்து 1973இல் போய்ச் சேர்ந்தார். கச்சேரி மேடை, இசைத்தட்டு வியாபாரம் எதன் பின்னாலும் ஓடாதவர். இன்று நமக்குக் கிடைப்பதில் பெரும்பகுதி விருந்துகளில் யாரோ பிடித்து வைத்த டேப். ஒரு மேசை, சில கோப்பைகள், இரண்டடி தள்ளி பாடுகிறவர். அந்த இரண்டடிக்கு வாசித்ததை, ஸ்டூடியோவில் செதுக்கிய பாகோவின் ஆல்பத்துக்கு அடுத்துப் போட்டு ஹெட்போனில் கேட்டால் சப்பென்றுதான் இருக்கும்.

பத்து வருடம் முன்பு நானே இதைவிடக் கேவலமாக எழுதியிருக்கிறேன். "விறகு வெட்டுகிறார்" என்று. யாரும் தேடி எடுத்துப் போட்டுவிடாதீர்கள்.

ஜனவரி 9, அரை மணி கழித்து

"ரெண்டு கார்டு" பற்றி. உண்மைதான், சில சமயம் ரெண்டே கார்டுதான். ஃபிளமெங்கோவின் முதுகெலும்பு ஏ மைனர், ஜி, எஃப், ஈ என்று நாலு கார்டாக இறங்கி ஈ-யில் உட்காருவது. அந்த எஃப்-க்கும் ஈ-க்கும் நடுவில் இருக்கிற அரை சுரத் தூரத்தில் மொத்தக் குடும்பமும் குடித்தனம் நடத்துகிறது. நம் காதுக்கு அது தோடி ராகம்.

ஜனவரி 10, காலை

தோடி என்றதற்கு இரண்டு பேர் திட்டியிருக்கிறார்கள். சரிதான், வாபஸ். வந்து உட்காருகிற அந்த ஈ மேஜர் கார்டு, அதனால் அதில் அந்தர காந்தாரம் (தோடியில் வருவதைவிட அரை சுரம் மேலே) நிற்கிறது. ஆக வகுளாபரணம் ராகம். ஆனால் பாடுகிறவர் இறங்கி வரும்போது தோடியின் சாதாரண காந்தாரத்தையும் தொடுவார். இரண்டும் மாறி மாறி வரும். இதற்கு மேல் மேளகர்த்தா ராகப் பட்டியலைத் தூக்கிக்கொண்டு அங்கே போனால் நமக்குத்தான் அலைச்சல். விட்டுவிடுவோம்.

விடக்கூடாதது தாளம். கொம்பாஸ் என்பார்கள். புலேரியா என்ற வேகமான வகைக்குப் பன்னிரண்டு எண்ணிக்கை, அடி விழுவது 12, 3, 6, 8, 10இல். ஒன்றில் தொடங்கி எண்ணினால் தலை சுற்றும். பன்னிரண்டில் தொடங்குங்கள்: தகிட தகிட தக தக தக. அவ்வளவுதான். சொலேயா என்ற வகைக்கும் பன்னிரண்டுதான், ஆனால் நடை மெதுவு. மூன்றிலும் பத்திலும் வெயிட் அதிகம். இரண்டிலும் வாக்கியத்துக்கு முற்றுப்புள்ளி பத்தில். பத்தில் மூடிவிட்டு, பதினொன்றும் பன்னிரண்டும் மூச்சு.

அந்த டேப்பை மறுபடி போட்டு, டியேகோ எங்கே மூடுகிறார் என்று மட்டும் பாருங்கள். வேறு எதுவும் வேண்டாம்.

ஜனவரி 11

நான் கட்சி மாறிய கதையைக் கேட்டதால் எழுதுகிறேன். பெருமைக்குரியது இல்லை.

வேலை விஷயமாக செவிலில் மூன்று வருடம் இருந்தேன். ஆற்றைத் தாண்டினால் த்ரியானா. அங்கே ஒரு மாடியில் வாரம் ஒரு நாள் கிதார் வகுப்பு. சேர்வதற்கு முன்பே நான்கு மாதம் உட்கார்ந்து, விசென்தே அமீகோவின் ஒரு புலேரியா ஃபல்செத்தாவை இணையத்தில் பார்த்துப் பார்த்துத் தேற்றி வைத்திருந்தேன். (ஃபல்செத்தா என்றால் பாட்டு வரிகளுக்கு நடுவே கிதார் தனியாகச் சொல்லும் துணுக்கு.) முதல் நாளே அதை எடுத்து விட்டேன். பிக்காதோ சுத்தமாக வந்தது. ஆட்காட்டி விரலும் நடுவிரலும் மாறி மாறி ஓடும் ஓட்டம் அது. அதற்காக நகத்தில் சூப்பர் க்ளூ எல்லாம் பூசி வைத்திருந்தேன்.

வாத்தியார் நன்றாக இருக்கிறது என்றார். "இப்போ நான் கை தட்டறேன், திரும்ப வாசி."

தட்டினார். இரண்டாவது சுற்றிலேயே நான் அவருக்கு முன்னால் போயிருந்தேன். அவர் நிறுத்தவில்லை, முகத்தை மாற்றவில்லை, தட்டிக்கொண்டே இருந்தார். கடைசியில் நான் முடித்த இடமும் அவர் தட்டிய பத்தும் ஒன்றையொன்று பார்க்கவே இல்லை.

பிறகு அவர் கிதாரை வாங்கி ஒன்று வாசித்தார். நான்கு சுற்று. முழுக்கக் கட்டைவிரல். அந்த விரலைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு கம்பியைத் தட்டிவிட்டு அந்தரத்தில் நிற்காமல் அடுத்த கம்பி மேல் போய்ச் சாய்ந்து ஓய்வெடுக்கிறது. அங்கிருந்தே அடுத்த அடி. அதே நேரத்தில் மோதிர விரல் நகம் பலகையில் டொக். அந்த இடத்தில் பலகை அடிபடாமல் இருக்க ஒரு பிளாஸ்டிக் தகடு ஒட்டியிருப்பார்கள். அவருடையதில் அதுவே தேய்ந்து மங்கிப்போயிருந்தது. மொத்தம் இருபது முப்பது சுரம் இருந்தால் அதிகம். நடுவில் ஒரு முழு "தக" காலியாக விட்டார். அந்தக் காலி இடத்தில் என் காலே தன்னால் தரையைத் தட்டிவிட்டது.

"மொரோன்ல இருந்து வந்தது இது" என்றார். நான் விறகு வெட்டு என்று எழுதிய அதே ஆளுடையது.

அதை என்னால் சரியாக வாசிக்க ஏழு மாதம் ஆனது. சுரங்கள் முதல் நாளே வந்துவிட்டன. ஏழு மாதமும் அந்தக் காலி இடத்துக்குத்தான்.

ஜனவரி 11, தூக்கம் வராமல்

மேலே படித்தால் நானும் அந்த "அசல்" ஆள் மாதிரியே பேசுகிறேன். திருத்தம்.

கிதார்காரர் ரமோன் மொந்தோயாவை எடுத்துக்கொள்ளுங்கள். பிறப்பு 1879. 1936இல் பாரிஸில் பாட்டே இல்லாமல் தனி கிதாராக ஒரு தொகுதி இசைத்தட்டு பதிவு செய்தார். இன்று பழைய பாணி என்றால் அவர் படத்தைத்தான் மாட்டுவார்கள். ஆனால் அவர் செய்தது என்ன? கிளாசிக்கல் கிதார் பக்கமிருந்து அர்ப்பெஜியோ (கார்டின் சுரங்களை ஒவ்வொன்றாக உதிர்ப்பது), ட்ரெமொலோ (ஒரே சுரத்தை விரல்கள் மாறி மாறி வேகமாக அடிப்பது) எல்லாவற்றையும் அள்ளிக்கொண்டு வந்தார். அங்கே கட்டைவிரலுக்குப் பின் மூன்று சுரம் வரும் ட்ரெமொலோ ஃபிளமெங்கோவில் நான்காயிற்று. ரொந்தேன்யா என்ற வகைக்கு ஆறாம் கம்பியை டி-க்கு இறக்கி, மூன்றாம் கம்பியை எஃப் ஷார்ப்புக்கு இறக்கித் தனி சுருதியே வைத்தார். அவருக்கு முந்தைய கிதார்காரர்கள் பக்கத்தில் வைத்தால் அவர்தான் சர்க்கஸ்.

அவருக்குப் பின் நீன்யோ ரிக்கார்தோ, சபிகாஸ். ரிக்கார்தோ பாணியில் வளர்ந்த பையன்தான் பாகோ. நியூயார்க்கில் சபிகாஸைப் பார்த்தபோது, அடுத்தவர் வாசித்ததையே வாசிக்காதே, உன்னுடையதைச் செய் என்று அவர் சொன்னதாக பாகோவே பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். பழைய தலைமுறையின் பெரிய கை ஒன்றே போட்டுக்கொடுத்த வழி அது.

ஜனவரி 12

"1922லயே ஒரிஜினலைக் காப்பாத்தப் போட்டி வச்சாங்களே, அதை விட்டுட்டீங்க" என்று ஒருவர். ஆமாம். கிரனாதாவில், அல்ஹம்ப்ரா கோட்டையில், பாட்டுப் போட்டி. இசையமைப்பாளர் மனுவேல் தெ ஃபாயா, கூட இருபத்துநாலு வயதுக் கவிஞர் லோர்க்கா. 21 வயது தாண்டிய தொழில்முறைப் பாடகர்கள் போட்டியிடக் கூடாது என்று விதி. தொழிலாகிப் போனதால் கெட்டுவிட்டது, கிராமத்தில் எங்கோ சுத்தமாக ஒளிந்திருக்கிறது என்ற நினைப்பு. கெட்டுப்போச்சு என்ற புலம்பலுக்கே நூறு வயது தாண்டிவிட்டது. பரிசு வாங்கியவர்களில் ஒருவர் கிழவர். இன்னொருவர் சின்னப் பையன். பின்னால் மனோலோ கரக்கோல் என்று பெரிய பேர் எடுத்தவர், அதுவும் மேடையில், தொழிலாக.

ஜனவரி 14

சான்ஃபிரான்சிஸ்கோ கச்சேரியைப் பற்றி மூன்று பேர் கேட்டுவிட்டீர்கள். 1980 டிசம்பர் 5. பாகோவும், ஜாஸ் பக்கத்துக் கிதார்காரர்கள் ஜான் மெக்லாஃப்லினும் அல் டி மியோலாவும். என் முதல் கேசட்டும் அதுதான். இந்தப் பக்கம் வந்த நம்மாட்கள் நிறையப் பேருக்கு வாசல் அதுதான் என்று நினைக்கிறேன். சக்தி குழுவில் விக்கு விநாயக்ராமின் கடத்துக்காக மெக்லாஃப்லினைப் பிடித்து, அவர் கையைப் பிடித்துக்கொண்டு பாகோவிடம் வந்தவர்கள் நாம்.

அது ஃபிளமெங்கோவா? இல்லை. பந்தயம். மூன்று பேரும் யார் முதலில் மூச்சு வாங்குவது என்று பார்த்துக்கொள்கிறார்கள். எனக்கு இன்றைக்கும் பிடிக்கும். ஆனால் அதை வைத்து பாகோவை எடை போடாதீர்கள், புகழ்வதற்கும் சரி, திட்டுவதற்கும் சரி. அந்தக் கூட்டணியில் கற்றுக்கொண்டது தான்தான் என்று சொன்னவர் அவர்.

அவர் மாற்றியவை வேறு. 70களின் கடைசியில் பெருவில் பார்த்த பெட்டி வாத்தியத்தை, கஹோனை, ஊருக்குக் கொண்டுவந்தார். இன்று கஹோன் இல்லாத ஃபிளமெங்கோ மேடையைத் தேட வேண்டும். பரம்பரை பரம்பரையாக இருந்த மாதிரி எல்லோரும் அதன் மேல் ஏறி உட்கார்ந்திருக்கிறார்கள். பாஸ் கிதாரும் புல்லாங்குழலும் சாக்ஸபோனும் கூட வந்தன. உட்காரும் விதம்கூட மாறியது. பழைய படங்களில் கிதார் வலது தொடை மேல் நிமிர்ந்து நிற்கும். பாகோ கால் மேல் கால் போட்டு அதைப் படுக்க வைத்தார். ஒரு தலைமுறையே அப்படி உட்கார்ந்தது. நானும்தான். முதுகுவலி மட்டும் சொந்தச் சம்பாத்தியம்.

ஜனவரி 15

கிதாரைப் பற்றிப் பேசாமல் ரசனை பேசுகிறோம். பழையவர்கள் வைத்திருந்தது சைப்ரஸ் மரம். பின்பலகையும் பக்கமும் வெளிறிய மஞ்சளாக இருப்பதால் பேரே "வெள்ளை". காகிதம் மாதிரி லேசு. தட்டினால் பட்டென்று வெடிக்கும், உடனே அடங்கும். கம்பி கட்டைக்கு ரொம்பப் பக்கத்தில் ஓடுவதால் அடித்தால் கொஞ்சம் கரகரக்கும், அந்தக் கரகரப்பையும் விரும்பித்தான் வாங்குவார்கள். ஆட்டக்காரியின் கால், நாலு பேர் கைத்தட்டு, பாட்டு எல்லாவற்றுக்கும் நடுவே, மைக் இல்லாமல் கேட்க வேண்டிய வாத்தியம். அதில் நீட்டி முழக்க முடியாது. சுரம் நிற்காது. கட்டைவிரலும் ரஸ்கெயாதோவும் (விரல்களை விசிறி மாதிரி விரித்து எல்லாக் கம்பியையும் வாரி அடிப்பது) அங்கே செல்லுபடி ஆனதற்கு இது ஒரு காரணம்.

கச்சேரி மேடையும் மைக்கும் வந்த பிறகு ரோஸ்வுட், "கறுப்பு". ஒலி நிற்கும், வட்டமாக இருக்கும், சின்ன சின்ன ஜாஸ் கார்டு கூடத் தெளிவாகக் கேட்கும். மரம் மாறினால் வாக்கியமும் மாறும்தானே.

என்னிடம் இருப்பது செகண்ட் ஹாண்ட் வெள்ளை. பழைய மாடல், திருகாணி இல்லை, மரப் பிரடைதான். ஸ்பெயினிலிருந்து சென்னைக்குக் கொண்டுவந்த முதல் மழைக்காலத்தில் ஊறிப்போய் ஒன்றுகூடத் திரும்பவில்லை. பலம் போட்டுத் திருப்பினால் முக்கால் சுரம் தாண்டிப் போய் நிற்கிறது. பக்கத்து வீட்டு வீணை மாமி பார்த்துவிட்டு சாக்பீஸ் கொடுத்தார்கள். "இதுக்குப் போய் ஸ்பெயின் போனியா?" என்று ஒரு கேள்வியும்.

ஜனவரி 18

ஹெரெஸ் என்ற ஊரில் ஒரு பென்யா. ரசிகர்கள் சேர்ந்து நடத்தும் சின்ன மன்றம் என்று வையுங்கள். முன்னால் மதுக்கடை, உள்ளே நாற்காலிகள், சின்ன மேடை. பேர் வேண்டாம்.

பாடியவருக்கு எழுபது இருக்கும். கிதார் இருபத்து மூன்று வயதுப் பையன். பையனின் கை பார்க்கிற மாதிரி இருந்தது. அல்சாபூவா (கட்டைவிரலை மேலும் கீழும் ஓட்டுவது) தையல் மிஷின் மாதிரி. ஆனால் பெரியவர் ஒரு வரி பாடி முடித்து அடுத்ததற்கு மூச்சு இழுப்பதற்குள் பையன் ஃபல்செத்தாவைத் தொடங்கிவிடுகிறான். தொடங்கினால் முடிப்பதில்லை. ஒரு சுற்று, இரண்டு, நான்கு. பெரியவர் வாயைத் திறந்து மூடுகிறார். ஒரு கட்டத்தில் அவர் பாட்டை விட்டுவிட்டு, பக்கத்திலிருந்த மேசையில் விரல் முட்டியால் தாளம் தட்ட ஆரம்பித்தார். பையனைப் பார்க்கவில்லை, மேசையைப் பார்த்தே தட்டினார். 12, 3, 6, 8, 10. பத்தில் கொஞ்சம் பலமாக. பையனுக்குக் காது சிவந்தது எனக்குத் தெரிந்தது. அடுத்த பத்தில் மூடிவிட்டான். பெரியவர் உள்ளே வந்தார்.

என் பக்கத்து நாற்காலிக்காரர் கோப்பைக்குள் பார்த்துக்கொண்டே முனகினார்: "சுரம் ஜாஸ்தி."

ஜனவரி 18, இரவு

அந்தக் கதையை அங்கேயே நிறுத்தியது அநியாயம். மறுநாள் அதே பையன் ஒரு ஆட்டத்துக்கு வாசித்தான். பிரமாதம். ஆட்டக்காரியின் காலைக் கண் எடுக்காமல் பார்த்து, அவள் எங்கே நிறுத்துவாள் என்று அவளுக்கு முன்னால் தெரிந்து வைத்திருந்தான். அங்கே அந்த வேகம், அந்த வெட்டிய கார்டுகள் எல்லாம் தேவைப்பட்டன. பழைய பாணிக்காரர் யாராவது அங்கே உட்கார்ந்திருந்தால் திணறியிருப்பார். முந்தைய இரவை மட்டும் சொல்லி நவீன பாணியை மட்டம் தட்டுவது சுலபம், நான் அதைத்தான் செய்யப் பார்த்தேன்.

ஜனவரி 19

"அப்ப யாரைத்தான் கேக்கணும்?"

மொராயீதோ. ஹெரெஸ்காரர், 2011இல் ஐம்பத்து நாலு, ஐம்பத்தைந்து வயதிலேயே போய்விட்டார். அப்பாவும் பெரியப்பாவும் கிதார், பையன் டியேகோ தெல் மொராவோவும் கிதார். இந்த இழையில் இரண்டு கட்சிக்கும் தொல்லை கொடுக்கக்கூடிய ஆள் அவர்தான். கார்டுகளில் புதுசு உண்டு, கூட வாசிப்பவர்களை அடக்கி ஆள்வது இல்லை, கொம்பாஸ் கல் மாதிரி. ஹொசே மெர்சே பாடும்போது பின்னால் அவர் செய்வதைக் கேளுங்கள். பாடகர் ஒரு வரியை இழுத்துக்கொண்டு போகும்போது மொராயீதோ வெறும் டொக் டொக் என்று பலகையைத் தட்டிக்கொண்டு காத்திருப்பார். பிறகு ஒரே ஒரு கார்டு. சிரிப்பு வந்துவிடும்.

ஜனவரி 22

பாடகர் கமரோனின் 1979 ஆல்பத்தைப் பற்றிக் கேட்டவருக்கு: லோர்க்காவின் வரிகள், டிரம்ஸ், பாஸ், சிதார், கூட இளம் தொமாத்தித்தோவின் கிதார். வந்தபோது நிறையப் பேருக்கு ஆகவில்லை. இன்று அதைக் குறை சொல்லிப் பாருங்கள், த்ரியானாவில் உங்களுக்குக் காப்பி கிடைக்காது.

ஜனவரி 25

என் கட்சியின் அழுக்கையும் கொஞ்சம் துவைக்கிறேன்.

மொரோன் பாணி இன்று உலகம் முழுக்கத் தெரிகிறதென்றால் அதில் அமெரிக்கர்களுக்குப் பெரிய பங்கு. மொரோனுக்குப் பக்கத்தில் அமெரிக்க விமானப்படைத் தளம் இருந்தது. 60களில் டான் போரென் என்ற அமெரிக்கர் அங்கே ஒரு பண்ணை வீட்டைப் பிடித்து, ஃபிளமெங்கோ பைத்தியம் பிடித்த வெளிநாட்டவர்களை வரவழைத்துத் தங்க வைத்தார். டேப் ரெக்கார்டர் அவர்கள் கையில்தான் இருந்தது. அதாவது "அந்நியக் கை படாத அசல்" நமக்குக் கிடைத்ததே அந்நியர் வைத்த மைக் வழியாக. பணம் கொடுத்து ஏற்பாடு செய்த விருந்துகளும் அதில் உண்டு. அதனால் இசை பொய்யாகிவிடாது. ஆனால் "சுத்தம்" என்ற வார்த்தையை வாயில் போட்டுக் குதப்புகிறவர்கள் இதையும் சேர்த்து விழுங்க வேண்டும்.

இன்னொன்று. எனக்குப் பழசு பிடிப்பதில் எவ்வளவு பங்கு அது என் கைக்கு எட்டும் என்பதால்? பிக்காதோவில் பாகோவின் பாதி வேகம்கூட எனக்கு வராது, இந்த ஜென்மத்தில் வரப்போவதும் இல்லை. கட்டைவிரல் பாணி நாற்பத்தெட்டு வயதுக்காரனுக்கு வசதி. இதை யாராவது சொல்வதற்கு முன் நானே சொல்லிவிடுகிறேன்.

ஜனவரி 25, சற்றுப் பின்

ஏழு மாதம் ஆனது என்று மேலே நானே எழுதியிருக்கிறேன். எனவே "வசதி"யை வாபஸ் வாங்குகிறேன். பாதி.

ஜனவரி 27

மனோலோ தெ உவெல்வா கதை கேட்டார்கள். பழைய ஆட்களில் பெரிய மேதை என்று சக கிதார்காரர்களே ஒப்புக்கொண்டவர். அறையில் இன்னொரு கிதார்காரர் இருந்தால் நல்ல சரக்கை எடுக்கவே மாட்டார், திருடிவிடுவார்கள் என்று. இன்று எல்லாரும் ஃபல்செத்தாவை எட்டு கோணத்தில் படம் பிடித்து, கீழே எழுத்தோடு போடுகிறார்கள். மரபு, நவீனம் என்று பிரிப்பதை விட இந்த இடத்தில்தான் பெரிய வெட்டு விழுந்திருக்கிறதோ என்று தோன்றுகிறது. யோசித்து எழுதுகிறேன்.

பிப்ரவரி 1

யோசித்தேன். ஒன்றும் பெரிதாக இல்லை. ஒன்று மட்டும்: படம் பார்த்துக் கற்றவர்களிடம் (என்னையும் சேர்த்து) சுரம் எல்லாம் இருக்கும், காத்திருக்கத் தெரியாது. வீடியோ யாருக்காகவும் மூச்சு இழுப்பதில்லை.

பிப்ரவரி 3

கேள்வி கேட்டவர் திரும்பி வந்திருக்கிறார். டியேகோ டேப்பை எண்ணிக்கொண்டே நாலைந்து முறை கேட்டாராம். பத்தில் மூடுவது பிடிபட்டுவிட்டதாம். "ஆனா இன்னும் பாகோதான் பிடிக்குது, தப்பா?" என்கிறார்.

தப்பே இல்லை. எனக்கும் இன்னமும் 1987இல் வந்த சிரோக்கோ ஆல்பத்தைப் போட்டால் சாப்பாடு ஆறிவிடும். அதில் கஹோன் இருக்கிறது, கார்டு புதுசு, வேகம் பயமுறுத்தும். ஆனால் கைதட்டிப் பாருங்கள், ஒரு மயிரிழை நகராது.

இப்போது எண்ணுவதை விட்டுவிடுங்கள். அது சைக்கிளுக்குக் குட்டிச் சக்கரம் மாதிரி. அடுத்து இரண்டு விஷயம் கேளுங்கள். ஒன்று, ஃபெர்னாந்தா தெ உத்ரேரா சொலேயா பாட டியேகோ வாசிப்பது. குரல் கிழிந்து, எட்டாத இடத்துக்கு எட்டிப் பிடிக்கிற மாதிரி பாடுவார். அவர் தடுமாறுகிற நொடியில் டியேகோ என்ன செய்கிறார் பாருங்கள். பெரும்பாலும் ஒன்றுமே செய்ய மாட்டார்.

இன்னொன்று, 1969 முதல் 1977 வரை கமரோனும் பாகோவும் சேர்ந்து போட்ட ஆல்பங்கள். அங்கே பாகோ கால் மேல் கால் போட்ட உலக நட்சத்திரம் இல்லை. பாடகரின் வாயைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் கிதார்காரர். உங்களுடைய பாகோவும் சர்க்கஸ் ஆள் சொன்ன "அசலும்" அங்கே ஒரே நாற்காலியில் உட்கார்ந்திருக்கும்.

பிப்ரவரி 3, மாலை

டியேகோ இறந்த 1973லேயேதான் பாகோவை ஊரெல்லாம் கொண்டுபோன அந்த ரும்பா மெட்டும் வெளிவந்தது. போங்கோஸ், பாஸ் எல்லாம் வைத்தது. ஒருவர் இதைச் சுட்டிக்காட்டி "ஒரு யுகம் முடிந்து இன்னொன்று தொடங்கியது" என்று எழுதியிருக்கிறார். அன்றைக்குப் பழைய தலைமுறைக் கிதார்காரர் மெல்ச்சோர் தெ மார்ச்சேனா உயிரோடு வாசித்துக்கொண்டிருந்தார். மொராயீதோவுக்குப் பதினேழு வயதுகூட ஆகவில்லை. டியேகோவின் உடன்பிறந்தவர்களின் மகன்கள் மொரோனில் வாசித்துக்கொண்டிருந்தார்கள். யுகம் எல்லாம் அவ்வளவு சுலபமாக முடிவதில்லை.

பிப்ரவரி 11

நேற்று மின்சாரம் போய் விசிறிச் சத்தம் இல்லாததால், அந்த நான்கு சுற்று மொரோன் துணுக்கை போனில் பதிவு செய்தேன். கேட்டேன். பத்தில் சரியாக மூடியிருக்கிறேன். காலி இடமும் காலியாகவே இருக்கிறது. ஆனால் மூன்றாவது சுற்றில், ஆறுக்கும் எட்டுக்கும் நடுவில் ஓடியிருக்கிறேன். வாத்தியாருக்கு அனுப்பினேன். பதில் ஒரு குரல் செய்தி, பதினோரு வினாடி. பேச்சே இல்லை, கைத்தட்டு மட்டும்.

அதோடு சேர்த்து வாசித்துக்கொண்டிருக்கிறேன்.